பயண நோக்கம்: ஒரு சோடிக் கையுறை

பையை நீங்களே அடுக்கினீர்களா என்று விமான நிலையத்தில் கேட்டால், ஓம் என்று சொல்லிவிட வேண்டும். இது உலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த விடயம். கொழும்பு, கொட்டாஞ்சேனை மெற்றில்டாவுக்கும் தெரியும். ஆனால் அன்று காலை அவர் கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்திருந்தார். தூரப் பயணம் போகிறவர் பாவத்தோடு விமானம் ஏறக்கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். விமானம் விழுந்தாலும் ஆன்மாவாவது நேரே போய்ச் சேரட்டும் என்ற முன்னேற்பாடு. இதில் ஒரேயொரு சிக்கல்: போய் இறங்கும்வரை பொய் சொல்ல முடியாது. விமான நிலையங்களோ அந்த வசதியை எல்லோரும் கையோடு கொண்டுவருவார்கள் என்று நம்பிக் கட்டப்பட்டவை.

மெற்றில்டாவின் தம்பி ரொனி, குளிர் நாடொன்றில் குடியேறி இருந்தவன், திங்கட்கிழமை மாரடைப்பில் இறந்துபோனான். வெள்ளிக்கிழமை பின்னேரம் இரண்டு மணிக்குப் பெட்டி மூடுவார்கள். அந்த நாட்டில் சேமக்காலையில் புதைப்பதற்கும், பல் வைத்தியரிடம் போவதுபோல, நேரம் எடுத்து வைக்க வேண்டுமாம்.

"மச்சாள், ஒரு கரைச்சல்," என்று ரொனியின் மனைவி ஷெரோமி போனில் சொன்னாள். "இஞ்ச பிரேதத்துக்குக் கையுறை போடுற பழக்கம் இல்லையாம். கோட் போட்டாச்சு, சொக்ஸ் போட்டாச்சு. கடையில கேட்டா பனிக்குப் போடுற தடிச்ச உறைதான் காட்டுறாங்கள்."

கொட்டாஞ்சேனையில் வெள்ளைக் கையுறை இல்லாமல் ஒரு கத்தோலிக்க ஆளும் மண்ணுக்குள் போனதில்லை. மெற்றில்டாவின் குடும்பத்தில் அதை மாட்டிவிடுவதும் மெற்றில்டாதான். அப்பாவுக்கு அவர்தான், அம்மாவுக்கு அவர்தான், கட்டிய புருசனுக்கும் அவர்தான். அப்பாவுக்கு மாட்டும்போது பக்கத்தில் நின்ற ரொனி அப்போது சின்னப் பெடியன். கண்ணைத் துடைத்துக்கொண்டே காதுக்குள் சொன்னான்: "எனக்கும் நீதான் அக்கா போடவேணும். வேற ஆக்கள் போட்டா எனக்குக் கூசும். மெல்லப் போடு என்ன."

ஆகவே மெற்றில்டா சவப்பெட்டி விற்கும் பக்கத்து மலர்ச்சாலையில் ஒரு சோடி வெள்ளைக் கையுறை வாங்கி, செபமாலையோடு சேர்த்துத் தோள்பைக்குள் வைத்துக்கொண்டார். விசா ஏற்கெனவே இருந்தது. "சும்மா சுத்திப் பாக்க வா அக்கா" என்று சொல்லிச் சொல்லிப் போன வருடம் ரொனியே எடுத்துக் கொடுத்த விசா. வாறன், வாறன் என்று மெற்றில்டாதான் தள்ளிக்கொண்டே வந்தார்.

மற்றப் பெரிய பையை அந்த ஒழுங்கைத் தெருச் சனமே அடுக்கியது. துக்கம் விசாரிக்க வந்த ஒவ்வொருவரும் ஆளுக்கொரு பொட்டலத்தோடு வந்தார்கள்.

"அக்கா, ரொனி மௌத்தான செய்தி கேட்டதிலேரிந்து சோறு எறங்குதில்ல," என்றார் எதிர்வீட்டுப் பஹ்மியா. "இது சும்மா கொஞ்சம் தேசிக்கா ஊறுகா. எண்ட முர்ஷித் அங்கதானே ஈக்கிறான். அடக்கத்துக்கு அவனும் வருவான். அங்க வச்சே குடுத்துடுங்க, ஒங்களுக்கும் அலைச்சல் இல்ல."

"நீங்கள் ஒண்டும் யோசிக்காமல் செபமாலையச் சொல்லுங்கோ அக்கா, பையை நாங்கள் பாக்கிறம்," என்றார் பக்கத்துவீட்டுப் பிறிஜெற். மூன்று வீட்டுப் பிள்ளைகளுக்கு மிளகாய்த்தூள், இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்குக் குரக்கன் மா, யாரோ ஒரு மருமகனுக்கு உடுக்க அரை டசின் சறம் எல்லாம் உள்ளே போயின. பை மூட மறுத்தபோது பிறிஜெற் அதன்மேல் ஏறி உட்கார்ந்தார். பஹ்மியா சிப்பை இழுத்தார். அந்த நேரம் மெற்றில்டா அடுத்த அறையில் செபமாலையின் மூன்றாம் காரணிக்கத்தில் இருந்தார்.

வியாழன் பின்னேரம் விமான நிலையத்தில், கழுத்துப்பட்டி கட்டிய பையன் ஒருவன் கேள்வியைக் கேட்டுக்கொண்டே பதிலையும் தானே தட்டத் தொடங்கினான்.

"பையை நீங்களே அடுக்கினதா அன்ரி?"

"இல்லை மகன்."

தட்டிய விரல் நின்றது. "ஓம் எண்டு சொல்லுங்கோ அன்ரி."

"அது பொய்யெல்லே. பிறிஜெற்றும் பஹ்மியாவும் அடுக்கினது. நான் அங்கால செபமாலை சொல்லிக்கொண்டிருந்தனான்."

பையன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு இரகசியம்போல் சொன்னான்: "நான் இந்த வேலைக்கு வந்து இவ்வளவு காலத்தில ஒருத்தரும் இல்லை எண்டு சொன்னதில்லை. ஓம் எண்டா என்ன செய்யிறது எண்டுதான் எங்களுக்குப் படிப்பிச்சவை."

மேலாளர் அழைக்கப்பட்டார். சட்டம் படித்தவர்போலச் சற்று நேரம் கண்ணை மூடி யோசித்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார். பையில் உள்ள அனைத்தையும் வெளியே எடுத்து, மெற்றில்டா தன் கையாலேயே திருப்பி அடுக்க வேண்டும். அப்போது பையை அவரே அடுக்கியதாக ஆகிவிடும். பொட்டலங்களுக்குள் என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. அது கேள்வியில் இல்லை.

அப்படியே ஆயிற்று. மெற்றில்டா தரையில் குந்தியிருந்து, யாரோ கட்டிய பொட்டலங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, ஒவ்வொன்றாக உள்ளே வைத்தார். பின்னால் நின்ற வரிசை அவரைச் சுற்றி வளைந்து போனது. கடைசியில் பை மூடவில்லை. கழுத்துப்பட்டிப் பையன் அதன்மேல் ஏறி உட்கார்ந்தான்.

"அப்ப நான் தனிய அடுக்கினது எண்டு..." என்று மெற்றில்டா தொடங்கினார்.

மேலாளர் இரண்டு கையையும் கூப்பினார். மெற்றில்டா நிறுத்திக்கொண்டார்.

விமானம் மாற வேண்டிய இடம் ஒரு பாலைவனத்து விமான நிலையம். பளிங்குத் தரை. உள்ளே தென்னை மரம்கூட இருந்தது, ஆனால் தேங்காய் இல்லை. அங்கே பயணிகள் எல்லோரையும் மீண்டும் ஒருமுறை சோதித்தார்கள். ஆகாயத்தில் வரும்போது என்ன நடந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

தோள்பையைத் திறந்த அதிகாரியின் கைகளில் நீல நிற றப்பர் கையுறை இருந்தது. அந்தக் கையால் அவர் வெள்ளைக் கையுறையைத் தூக்கிப் பிடித்தார். மெற்றில்டாவுக்கு ஆங்கிலம் விளங்கும், மெல்ல மெல்லக் கதைக்கவும் வரும். சண்டை பிடிக்க வராது.

"இது ஆண்களின் அளவு. யாருடையது?"

"என்ர தம்பியின்ர."

"அவர் எங்கே?"

"செத்துப்போனான்."

"அப்படியானால் இது இப்போது உங்களுடையது."

"இல்லை. இன்னும் அவன்ரதான்."

வேறொருவரின் பொருளைச் சுமந்து வருவது பாரதூரமான விடயம். மேற்பார்வையாளர் வந்தார். அவரும் நீலக் கையுறை போட்டிருந்தார். கணினியில் கையுறைக்கு நான்கு வகைகள் இருந்தன: மருத்துவம், குளிர், தொழிற்சாலை, விளையாட்டு. இதில் எது என்று கேட்டார்.

"நாலும் இல்லை ஐயா. இது செத்த ஆளுக்குப் போடுறது."

மேற்பார்வையாளர் கோபப்படவில்லை. கோபப்படாமல் இருப்பதற்கு அவருக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள்.

"அம்மா, இது உலகத்தரம் வாய்ந்த நிலையம். ஆண்டுக்குக் கோடிக்கணக்கானோர் எங்களைக் கடந்து போகிறார்கள். அவர்களில் ஒருவரைக்கூட எங்களுக்குத் தெரியாது. அதுதான் எங்கள் பெருமை. பணக்காரர், ஏழை என்ற வேறுபாடே இல்லாமல் எல்லோரையும் சமமாகச் சந்தேகிக்கிறோம். இந்த நிலையில் நீங்கள் உங்களுக்கென்று தனியாக ஒரு மரணத்தைக் கொண்டுவந்தால் வரிசையின் கதி என்ன? மரணம் இங்கே ஒரு வகை அல்ல."

அவர் கணினியில் விளையாட்டு என்பதை அழுத்தினார். கையுறை தோள்பைக்குத் திரும்பியது. ஒரு விரல் நுனியில் நீல றப்பரின் பவுடர் ஒட்டியிருந்தது. மெற்றில்டா அதைச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

அடுத்து ஆள் சோதனை. ஒரு பெண் அதிகாரி இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து அசையாமல் நிற்கச் சொன்னார். மெற்றில்டா நின்றார். அதிகாரி அவரை உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை ஒருமுறை மெதுவாகப் பார்த்தார். பிறகு தலையை அசைத்தார். "சரி. போகலாம்."

அன்று முழுவதும் மெற்றில்டாவுக்குக் கிடைத்த நல்ல சொல் அது ஒன்றுதான்.

போயிருக்கலாம். நேரமும் கொஞ்சம் இருந்தது. ஆனால் வெளியேறும் இடத்தில் ஒரு இயந்திரம் நின்றது. அதில் ஐந்து முகங்கள். பச்சை முகம் பல்லைக் காட்டிச் சிரித்தது, சிவப்பு முகம் கண்ணீர் விட்டது, இடையில் மூன்று. மேலே 'இன்று உங்கள் முகம் எது?' என்று எழுதியிருந்தது. சீருடை அணிந்த சின்னப் பெண் ஒருத்தி, எல்லோரும் அழுத்திவிட்டுத்தான் போகிறார்களா என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

மெற்றில்டா கேள்வியை இரண்டுதரம் வாசித்தார். சிவப்பை அழுத்தினார்.

இயந்திரம் கூவியது. சின்னப் பெண் ஓடிவந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு இடைநிலை அதிகாரியும், அவருக்குப் பின்னால் வாடிக்கையாளர் மகிழ்ச்சிப் பிரிவின் தலைவரும் வந்தார்கள். தலைவரின் சட்டையில் பச்சை முகம் குத்தியிருந்தது.

"யாராவது மரியாதைக் குறைவாகக் கதைத்தார்களா?"

"இல்லை, நல்ல பிள்ளையள்."

"பிறகு ஏன் சிவப்பு?"

"தம்பி செத்துப்போனான்."

"மிகவும் வருந்துகிறோம்," என்றார் தலைவர், சட்டைப்பையிலிருந்த அட்டையைப் பார்த்து. "ஆனால் அது எங்கள் சேவையில் ஏற்பட்ட குறை அல்ல."

"இல்லைத்தான்."

"அப்படியானால் பச்சை."

"பச்சை சிரிக்குதே ஐயா. நான் சிரிக்கயில்லையே."

தலைவர் அவரை ஒரு ஓரமாக அழைத்துப் போனார். தூரத்தில் விமானத்துக்கான கடைசி அறிவித்தல் கேட்டது. "அம்மா, இந்த மாதம் இந்த வாசலில் ஒரு சிவப்பும் இல்லை. போன மாதமும் இல்லை. இந்த நிலையத்தைத் திறந்த நாளிலிருந்து இந்த வழியால் துக்கத்தோடு ஒரு மனிதரும் போனதில்லை. எங்களிடம் ஆதாரம் இருக்கிறது. நீங்கள் ஒருவர் அதைக் கெடுக்கலாமா?"

மெற்றில்டா சின்னப் பெண்ணைப் பார்த்தார். அவள்தான் இப்போது ஏறக்குறைய சிவப்பு முகத்தோடு நின்றாள். அவளின் வேலைக்கு ஆபத்து வரும்போலிருந்தது. மெற்றில்டா இயந்திரத்துக்குத் திரும்பிப் போய் ஐந்து முகங்களையும் மீண்டும் ஆராய்ந்தார். நடுவில் ஒரு மஞ்சள் முகம் இருந்தது. சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. வாய் ஒரு நேர்கோடு. ரொனியின் வாயும் இப்போது இப்படித்தான் இருக்கும். பொய்யாகாது. அதை அழுத்தினார்.

இயந்திரம் நன்றி சொன்னது. விமான வாசலில் கதவை மூடியிருந்தார்கள்.

அடுத்த விமானம் வெள்ளிக்கிழமை காலை. அது போய்ச் சேரப் பின்னேரம் மூன்று மணியாகும். மெற்றில்டா ஷெரோமிக்குப் போன் எடுத்தார்.

"பெட்டியைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லேலாதே பிள்ளை?"

"கேட்டுப் பாத்தனான் மச்சாள். பிந்தினா அடுத்த ஆளின்ர நேரமாம். எங்களுக்குத் திரும்ப நேரம் தாறதெண்டா புதன்கிழமையாம்." ஷெரோமி மூக்கை உறிஞ்சினாள். "நீங்கள் எங்க நிக்கிறியள்?"

"ஒரு தென்னைக்குக் கீழ."

விமான நிறுவனத்தின் உதவி மேசையில், துக்கப் பயணிகளுக்கென்றே விசேட முன்னுரிமைச் சேவை இருப்பதாக ஒருவர் மகிழ்ச்சியோடு தெரிவித்தார். துக்கம் நேர்வதற்கு ஐந்து வேலைநாட்களுக்கு முன்னர் விண்ணப்பித்திருக்க வேண்டுமாம்.

ரொனியின் நாட்டு நேரப்படி இரண்டு மணிக்கு மெற்றில்டா மேகத்துக்கு மேலே இருந்தார். முன்னாலிருந்த திரையில் சின்ன விமானம் ஒன்று கடலொன்றின்மேல் ஊர்ந்துகொண்டிருந்தது. அவர் செபமாலையைக் கையில் எடுத்தார். பணியாள் தள்ளுவண்டியை நிறுத்தி, குனிந்து, கோழியா மரக்கறியா என்று கேட்டார்.

"வெள்ளிக்கிழமை மகன், மரக்கறி," என்றார் மெற்றில்டா. பிறகு அதைத் திறக்கவில்லை.

குடிவரவு அதிகாரி நல்ல மனிதர். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வணக்கம் சொன்னார். மெற்றில்டா தடுமாறுவதைக் கண்டு, தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரை எடுத்து ஒலிபெருக்கியில் போட்டார். பெண் குரல். நம் பக்கத்துத் தமிழ்.

"அம்மா, அவர் கேக்கிறத உங்களுக்குச் சொல்லுவன். நீங்கள் சொல்லுறத அவருக்குச் சொல்லுவன். கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன். அப்பிடிச் சத்தியம் செய்துதான் இந்த வேலை. விளங்குதோ?"

"விளங்குது பிள்ளை. எந்த ஊர்?"

"அது சொல்லக்கூடாது அம்மா." "பயணத்தின்ர நோக்கம் என்ன எண்டு கேக்கிறார்."

"தம்பியின்ர அடக்கம்."

அதிகாரி பாஸ்போட்டைப் புரட்டினார். விசாவில் சுற்றுலா என்றிருந்தது. அடக்கம் எத்தனை மணிக்கு என்று கேட்டார். மெற்றில்டா சொன்னார். அதிகாரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மெற்றில்டாவும் பார்த்தார்.

"அப்படியானால் அது முடிந்துவிட்டது," என்றார் அதிகாரி.

"ஓம்."

"என் நிலைமையை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும்." அவர் உண்மையிலேயே கவலைப்பட்டார். "நோக்கம் உள்ள எவரையும் இந்த நாடு வரவேற்கும். நல்ல நோக்கமாக இருக்க வேண்டும் என்றுகூட நாங்கள் வற்புறுத்துவதில்லை. ஆனால் முடிந்துபோன ஒரு நோக்கத்துக்கு நான் எப்படி முத்திரை குத்துவது? அடக்கத்துக்கு வந்தேன் என்கிறீர்கள், அடக்கம் இல்லை. சுற்றுலா விசா வைத்திருக்கிறீர்கள், சுற்றுலா இல்லை என்கிறீர்கள். இப்போது, இந்த நிமிடத்தில், நீங்கள் உள்ளே போவதன் நோக்கம் என்ன?"

மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னார். கூட்டவில்லை, குறைக்கவில்லை.

மெற்றில்டா தோள்பையைத் தடவிக்கொண்டு நின்றார். அவசரப்படவில்லை. இனி எதற்கும் அவசரம் இல்லை.

"பிள்ளை, தம்பிக்குக் கையுறை போட வந்தனான். சின்னனிலேயே கேட்டவன், நீதான் போடவேணும் எண்டு. மற்ற ஆக்கள் போட்டா அவனுக்குக் கூசுமாம். இப்ப பெட்டி மூடியாச்சு. உள்ள போய் என்ன செய்யப் போறன் எண்டு எனக்கே தெரியேல்லை. அவர் கேக்கிறது சரிதான். நோக்கம் ஒண்டும் இல்லை எண்டு சொல்லுங்கோ."

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று அதிகாரி தொலைபேசியைத் தட்டிப் பார்த்தார். யாரோ தொண்டையைச் செருமும் ஓசை வந்தது. பிறகு அந்தக் குரல் ஆங்கிலத்தில், மிகத் தெளிவாக, ஒரே வசனம் சொன்னது.

"சுற்றிப் பார்க்க வந்தாராம், ஹொலிடே."

அதிகாரியின் முகம் மலர்ந்தது. அது கணினியில் இருந்தது. "அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே." முத்திரை விழுந்தது. "எங்கள் நாட்டை நன்றாக அனுபவியுங்கள்."

மெற்றில்டா வாயைத் திறந்தார். பொய் என்று சொல்ல. அதற்குள் ஒலிபெருக்கி தமிழில் சொன்னது: "போங்கோ அம்மா. கும்பிட்டுக் கேக்கிறன், போங்கோ." இணைப்பு நின்றது.

சும்மா சுத்திப் பாக்க வா அக்கா. மெற்றில்டா வாயை மூடிக்கொண்டு உள்ளே போனார்.

வெளியே ஷெரோமியும் மகள் சாமினியும் கறுப்பு உடுப்போடு நின்றார்கள். ஷெரோமி கட்டிப் பிடித்து அழுதாள். சாமினியின் கையில் கொட்டாஞ்சேனையில் அடுக்கிய, விமான நிலையத்தில் திருப்பி அடுக்கிய, அந்தப் பெரிய பை. பயணி இல்லாமல் பை தனியே போகக்கூடாது என்பது விமான உலகின் கண்டிப்பான சட்டம். அதனால் அது மட்டும் போக வேண்டிய விமானத்தில் போய், காலையிலேயே வந்து இறங்கியிருந்தது. நிறுவனம் வீட்டுக்குப் போன் பண்ணிப் பாராட்டுத் தெரிவித்ததாம்.

"அடக்கத்துக்குப் போற வழியில எடுத்து வாகனத்தில போட்டனாங்கள் மாமி," என்றாள் சாமினி. "முர்ஷித் அண்ணா சேமக்காலை வாசலிலேயே ஊறுகாய்ப் போத்தலை வாங்கிக்கொண்டு போயிட்டார்."

ஆக, ரொனியின் அடக்கத்துக்கு மெற்றில்டாவின் பை வந்திருந்தது.

"கை வெறுமனத்தான் வைச்சு மூடினது மச்சாள்," என்றாள் ஷெரோமி. "குளிர்ந்துபோய்க் கிடந்தது."

கோடைகாலம். வெயில் இன்னும் இருந்தது. நேரே சேமக்காலைக்குப் போனார்கள். வாசலில், கல்லறையில் எதை வைக்கலாம் எதை வைக்கக்கூடாது என்று ஒரு பலகை இருந்தது. பூ வைக்கலாம், பிளாஸ்டிக் பூ வைக்கக்கூடாது, கண்ணாடி வைக்கக்கூடாது, காற்றில் ஆடும் எதுவும் கூடாது. மெற்றில்டா அதைக் கடைசிவரை வாசித்தார். அங்கேயும் கையுறை இல்லை.

புதுமண் ஈரமாக இருந்தது. கல் வைக்கும்வரைக்கும் தற்காலிகமாக ஒரு மரச் சிலுவை நட்டிருந்தார்கள், ஏறக்குறைய ரொனியின் நெஞ்சளவு உயரம். மெற்றில்டா முழங்காலில் நின்று செபித்தார். எழும்பும்போது தோள்பையைத் திறந்தார். ஒரு கையுறையை எடுத்து வாய்ப் பக்கத்தை விரித்து, சிலுவையின் வலப்பக்கக் கொம்பில் மெல்ல, மிக மெல்ல இறக்கினார். சுருக்கத்தை நீவிவிட்டார். பிறகு இடப்பக்கம்.

"மாமி, பலகையில..." என்றாள் சாமினி. ஷெரோமி அவளின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

மெற்றில்டா இரண்டடி பின்னுக்கு வந்து பார்த்தார். வெள்ளைக் கையுறை போட்ட ஒருவன் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, அசையாமல், சோதனைக்கு நின்றான். வரிசையில் அவனுக்கு முன்னாலும் பின்னாலும் நிறையப் பேர் இருந்தார்கள். அவர் அவனை உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை ஒருமுறை மெதுவாகப் பார்த்தார். பிறகு தலையை அசைத்தார்.

"சரி தம்பி. போகலாம்."